அகிரா பாக்ஸ் செட்: படம் பார்த்தவர்களும் ஏன் படிக்க வேண்டும்

'அகிரா' என்ற ஜப்பானிய அனிமே (அனிமேஷன்) படத்தைத்தான் பார்த்தாகிவிட்டதே, அதன் மூலமான மங்காவை, அதாவது ஜப்பானிய காமிக்ஸை, வேறு வாங்கிப் படிக்க வேண்டுமா என்று தயங்குபவர்கள் நிறைய. தயங்கவே வேண்டாம், படியுங்கள். கட்சுஹிரோ ஓட்டோமோ 2000 பக்கங்களுக்கு மேல் வரைந்த கதை அது. அதன் முதல் இரண்டு தொகுதிகளை எடுத்துக்கொண்டு, பின்னாலிருந்து அங்கங்கே சில காட்சிகளைக் கிள்ளிச் சேர்த்துத்தான் 124 நிமிடப் படம் எடுத்தார்கள். படம் தன்னளவில் பிரமாதம், அதில் சந்தேகமில்லை. ஆனால் மங்காவின் உயிர் மூன்றாம் தொகுதியின் கடைசியில் தொடங்கி ஆறாவது வரை ஓடுகிறது. அந்தப் பகுதி படத்தில் கிட்டத்தட்ட இல்லவே இல்லை.

இல்லாததற்குக் காரணம் எளிது. மங்கா 1982 டிசம்பரில் 'யங் மேகசின்' இதழில் தொடங்கி 1990-ல்தான் முடிந்தது, மொத்தம் 120 அத்தியாயங்கள். படம் வெளியானது 1988 ஜூலை 16. அதாவது படத்தை இயக்கும்போது ஓட்டோமோ தன் கதையையே இன்னும் முடித்திருக்கவில்லை. தொடரைக் கொஞ்ச நாள் நிறுத்திவைத்துவிட்டுப் படத்தை முடித்தார், பிறகு திரும்பி வந்து மிச்சத்தை வரைந்தார். கதையில் டோக்கியோ அழியும் நாளிலும் ஒரு குறும்பு உண்டு: மங்காவில் அது தொடர் தொடங்கிய 1982 டிசம்பர் 6, படத்தில் அது படம் வெளியான அதே ஜூலை 16.

இங்கே பார்க்கப்போவது ஜப்பானியப் பதிப்பகமான கோடான்ஷா 2017-ல் வெளியிட்ட 35-ம் ஆண்டு ஆங்கிலப் பதிப்பை. கெட்டி அட்டை போட்ட ஆறு தொகுதிகள், 'அகிரா கிளப்' என்ற ஓவியத் தொகுப்பு, கதாநாயகன் கனேடாவின் சிவப்பு ஜாக்கெட் முதுகில் இருக்கும் மாத்திரைச் சின்னத்தைத் துணியில் செய்த ஒரு ஒட்டு, எல்லாம் ஒரே பெட்டியில். 2018-ல் காமிக்ஸ் உலகின் ஐஸ்னர் விருதுகளில் இரண்டை இது வாங்கியது: சிறந்த மீள்தொகுப்புக்கு ஒன்று, சிறந்த புத்தக வடிவமைப்புக்கு ஒன்று. வடிவமைப்பு விருது பொருத்தமானதுதான். ஜாக்கெட் ஒட்டு அலமாரிக்குப் போய்ச் சேரும் சமாச்சாரம், அதற்காக யாரும் வாங்க வேண்டியதில்லை. 'அகிரா கிளப்' அப்படியல்ல. அட்டைப்படங்கள், விளம்பரத் தாள்கள், இதழில் வந்து தொகுதிகளில் இடம்பெறாத படங்கள் என்று நிறைய இருக்கிறது. ஆனால் ஆறு தொகுதியும் முடித்த பிறகு திறப்பது நல்லது, நடுவில் புரட்டினால் கதை தெரிந்துவிடும்.

இந்தப் பதிப்பை மற்ற ஆங்கிலப் பதிப்புகளிலிருந்து பிரித்துக் காட்டுவது படிக்கும் திசை. முந்தைய ஆங்கிலப் பதிப்புகளில் பக்கங்களைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலமாகத் திருப்பிப்போட்டிருந்தார்கள், மேற்கத்திய வாசகர் இடமிருந்து வலமாகப் படிக்கட்டும் என்று. அப்படித் திருப்பினால் வலக்கைக்காரர் எல்லாம் இடக்கைக்காரர் ஆவார், சாலையில் வண்டிகள் எதிர்ப்பக்கத்துக்கு மாறும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பெரிய சேதாரம் பார்வையின் ஓட்டத்தில் ஏற்படுகிறது. ஓட்டோமோ ஒரு பேனலில் (படக் கட்டத்தில்) பைக்கை எந்தப் பக்கம் பாயவிடுகிறாரோ, வாசகரின் கண்ணும் அந்தப் பக்கம் போகும்படிதான் அடுத்த பேனலை வைக்கிறார். எதிர்த்திசையில் வருகிற வண்டி கண்ணை மறிக்கும், மோதல் வரப்போகிறது என்று அப்போதே உடம்புக்குத் தெரியும். பக்கத்தைத் திருப்பும்போது பேனல்களும் சேர்ந்தே திரும்புவதால் இந்தக் கணக்கு அப்படியே நிற்கும் என்று வாதிடுபவர்கள் உண்டு. படத்துக்கு அது சரி. ஆனால் வசனம் எழுதிய பலூனில் இருக்கும் ஆங்கில எழுத்தைத் திருப்ப முடியாதே! ஒலிக்குறிகளையும், அதாவது படத்தின் மேலேயே வரைந்த சத்த எழுத்துகளையும், புதிதாக வரைந்து நுழைக்க வேண்டியிருக்கும். கோடு கோடாகப் பார்த்துப் பார்த்துக் கட்டிய பக்கத்தில் இன்னொருவர் கை பட்டுவிடுகிறது. 2017 பதிப்பில் பக்கங்கள் ஓட்டோமோ வரைந்த திசையிலேயே இருக்கின்றன.

மங்காவுக்குப் புதியவர்களுக்கு: புத்தகத்தின் முதுகு வலக்கைப் பக்கம் இருக்கும்படி பிடித்துத் திறக்க வேண்டும். பக்கத்தின் வலது மேல் மூலையில் தொடங்கி, அந்த வரிசையை இடது ஓரம் வரை முடித்துவிட்டுக் கீழே இறங்க வேண்டும். ஒரே பேனலுக்குள் இரண்டு பலூன் இருந்தால் வலப்பக்கத்து ஆள்தான் முதலில் பேசுகிறார். இந்தக் கடைசி விதியை மறப்பதால்தான் பதிலுக்குப் பின்னால் கேள்வி வருகிறது, வசனம் உளறலாகத் தோன்றுகிறது. ஓர் உயரமான பேனல் வலப்பக்கத்தை மேலிருந்து கீழ்வரை அடைத்துக்கொண்டு, இடப்பக்கம் மூன்று சின்னப் பேனல்கள் அடுக்கியிருந்தால், உயரமானதை முடித்த பிறகு அடுக்கை மேலிருந்து கீழாகப் படிக்க வேண்டும். நாற்பது ஐம்பது பக்கத்தில் கண் பழகிவிடும். முதல் தொகுதியின் நெடுஞ்சாலைத் துரத்தல் வருவதற்குள் பழகிவிட்டால் பாக்கியம்.

ஒலிக்குறிகளை ஜப்பானிய எழுத்திலேயே விட்டிருக்கிறார்கள், பொருள் புத்தகக் கடைசியில் குறிப்பாக வருகிறது. எடுத்த முடிவு சரிதான். ஏனென்றால் இடிந்து விழும் கட்டடத்தின் மேல் வரும் அந்த எழுத்துகளும் ஓவியம்தான், அவற்றின் சாய்வும் விரிசலும் சத்தத்தின் திசையைக் காட்டுகின்றன. ஆனால் இவ்வளவு கனமான புத்தகத்தை ஒவ்வொரு 'டமால்' சத்தத்துக்கும் பின்பக்கம் புரட்டுவது எரிச்சலான வேலை. புரட்டாதீர்கள். மங்காக்களில் திரும்பத் திரும்ப வரும் சிலவற்றை மட்டும் மனதில் வைத்தால் போதும்: 'கோகோகோ' என்பது அடியாழத்திலிருந்து வரும் உறுமல், 'டோடோடோ' தொடர்ந்து அதிரும் ஓசை, 'ஷீன்' என்றால் சத்தமே இல்லை. மற்றதைப் படமே சொல்லிவிடும்.

இனி கதை. கதைத் திருப்பங்கள் தெரியக்கூடாது என்பவர்கள் அடுத்த நான்கு பத்திகளைத் தாண்டிவிடலாம்.

முதல் தொகுதி, அழிந்த டோக்கியோவுக்குப் பின் எழுந்த நியோ டோக்கியோவின் பைக் கும்பல், அரசின் ரகசிய ஆய்வு, முதியவர் முகத்தோடு உலவும் குழந்தைகள், அவர்களில் ஒருவன்மேல் மோதியதால் கும்பல் பையன் டெட்சுவோவுக்குள் விழித்துக்கொள்ளும் சக்தி என்று ஓடுகிறது. இரண்டாவது, தரைக்கடியில் உறைநிலையில் வைக்கப்பட்டிருக்கும் அகிராவைத் தேடி அவன் இறங்குவது. இந்த இரண்டும் படம் பார்த்தவர்களுக்குப் பழகிய நிலம். ஆனால் படத்தில் அகிரா என்பது கண்ணாடிக் குடுவைகளில் அடைத்துவைத்த மிச்சங்கள். மங்காவில் அவன் நிஜமாகவே எழுந்து நடந்து வருகிறான், ஒரு வார்த்தை பேசாத சின்னப் பையன். இந்த ஒரு மாற்றம் போதும், கதை வேறு கதையாகிவிடுகிறது. படத்தில் அகிரா ஒரு ரகசியம். மங்காவில் எல்லாரும் கைப்பற்றத் துடிக்கும் ஒரு பிள்ளை: ராணுவம், புரட்சிக் குழு, மியாகோ என்ற மதத்தலைவியின் கூட்டம், அரசியல்வாதி நெசு. மூன்றாம் தொகுதி முழுக்க அந்தப் பிள்ளை கைமாறிக்கொண்டே இருக்கிறான்.

அந்தத் தொகுதியின் கடைசிப் பக்கங்கள் தனியாகப் பேச வேண்டியவை. தவறிப்போய் ஒரு குண்டு வேறொரு பிள்ளைமேல் பாய்கிறது, அகிரா உடைகிறான், அதன்பின் நகரம் சாகிறது. பக்கம் பக்கமாக வசனமே கிடையாது. கவனித்துப் பாருங்கள், 'வெடிப்பு' என்றதும் நாம் எதிர்பார்க்கும் நெருப்புப் பந்தை ஓட்டோமோ வரைவதில்லை. ஒரு வெள்ளை வட்டம் வளர்கிறது. அதன் விளிம்பைத் தொட்ட கட்டடம் முதலில் சன்னல் சன்னலாக உதிர்கிறது, பிறகு தளம் தளமாக நொறுங்குகிறது, கடைசியில்தான் மொத்த உடம்பும் சரிகிறது. ஒவ்வொரு சன்னல் சட்டமும் தனித்தனியாகக் கோடு போட்டு வரையப்பட்டிருக்கிறது. கோட்டின் தடிமன் ஏறக்குறைய எங்கும் ஒன்றே. அருகில் இருக்கும் கல்லும் தொலைவில் இருக்கும் கோபுரமும் ஒரே கூர்மையோடு தெரிகின்றன. மங்கலாக்கித் தப்பித்த இடமே இல்லை. அதனால்தான் கண் எங்கே நின்றாலும் சேதாரம் தெரிகிறது. இந்தப் பக்கங்களை வேகமாகப் புரட்டிவிட்டு 'வசனம் இல்லை, சீக்கிரம் முடிந்துவிட்டது' என்பவர்களிடம் பேசிப் பயனில்லை.

நான்காம் தொகுதியில் ஓட்டோமோ செய்வது துணிச்சலான காரியம். நாயகன் கனேடாவைக் காணோம். தொகுதியின் பெரும்பகுதியில் அவன் வருவதே இல்லை. இடிபாடுகளில் அகிராவை அரியணையில் வைத்து 'மகா டோக்கியோ பேரரசு' என்று டெட்சுவோ நடத்தும் ஆட்சி, அதற்கெதிரே மியாகோவின் கோயிலில் சோற்றுக்கும் மருந்துக்கும் வரிசை நிற்கும் ஜனம், அகிரா ஆய்வுக்குத் தலைமை வகித்து, இப்போது பதவியும் படையும் இழந்து தெருவில் அலையும் ராணுவக் கர்னல், இவைதான் கதை. புரட்சிக் குழுவைச் சேர்ந்த கேய், கனேடாவின் காதலி என்ற இடத்திலிருந்து நகர்ந்து கதையின் நடுப்பகுதிக்கு வருகிறாள். படத்தில் இல்லவே இல்லாத சியோகோ, துப்பாக்கியும் தோளுமாகப் பாதிச் சண்டையை ஒற்றை ஆளாகச் சுமக்கிறாள். படத்தில் சில நொடிகள் வந்துபோகும் மியாகோ, இங்கே 19-ம் எண் கொண்ட பழைய பரிசோதனைப் பிள்ளை, அகிரா 28. அந்த எண்ணுக்குக் காரணம் 'டெட்சுஜின் 28-கோ' என்ற பழைய ரோபோ மங்கா. கனேடா, ஷிகிஷிமா (கர்னலின் பெயர்) என்ற பெயர்களும் அங்கிருந்து வந்தவைதான்.

எல்லாம் சிறப்பு என்று சொல்ல முடியாது. ஐந்தாம் தொகுதி தொய்கிறது. கடலில் நிற்கும் அமெரிக்கப் போர்க்கப்பல், அதற்குள் கூடி விளக்கம் பேசும் விஞ்ஞானிகள், உளவு வேலை என்று கதை நகரத்தை விட்டு வெளியே போகும்போதெல்லாம் வேகம் குறைகிறது. விஞ்ஞானிகள் சொல்வதில் பாதியை முந்தைய பக்கங்களின் படங்களே சொல்லிவிட்டன. நான்காம் தொகுதியில் மியாகோ பிரபஞ்சச் சக்தியைப் பற்றிக் கொடுக்கும் நீண்ட விளக்கமும் இதே ரகம். கவோரி என்ற பெண் பாத்திரத்தை டெட்சுவோவின் கண்ணீருக்கு மட்டும் பயன்படுத்தியது இன்னொரு குறை. தவிர, முகங்கள் குழப்பும். கும்பல் பையன்களில் பலர் ஒரே மூக்கும் தாடையுமாக இருக்கிறார்கள், தலைமுடியையும் உடையையும் வைத்துத்தான் அடையாளம் பிடிக்க வேண்டும். முதல் தொகுதியில் யமகட்டா, காய்சுகே இருவரையும் பிரித்துத் தெரிந்துகொள்ளுங்கள், பின்னால் உதவும்.

அச்சும் கட்டும் எப்படி? பக்க அளவு ஏறத்தாழ 18 க்கு 26 செ.மீ., வழக்கமான மங்கா புத்தகத்தைவிட நன்றாகவே பெரியது. இந்தக் கதைக்கு அந்த அளவு அவசியம். முதல் தொகுதியின் தொடக்கத்தில் சில பக்கங்கள் வண்ணத்தில், பிறகு கறுப்பு வெள்ளை. கறுப்பு நிறைவாக விழுந்திருக்கிறது, மெல்லிய கோடுகள் ஒட்டிப்போகவில்லை. குறை எங்கே என்றால் நடு மடிப்பில். தடித்த புத்தகத்தில் இரண்டு பக்கம் விரியும் படம் வந்தால் நடுவிலுள்ள ஒரு துண்டு மடிப்புக்குள் போய்விடும். தொகுதியின் நடுப்பகுதியில் அதிகமாக, இரு முனைகளிலும் குறைவாக. முதுகை முறித்துத் திறக்கப் பார்க்காதீர்கள், கட்டு விட்டுவிடும். மேசைமேல் வைத்து, இரண்டு அட்டைக்கும் கீழே மெல்லிய புத்தகம் ஒன்று முட்டுக்கொடுத்தால் மடிப்பு தானாகத் தளர்ந்து விரியும். படுத்துக்கொண்டு நெஞ்சின்மேல் வைத்துப் படிக்கும் ஆசை இருந்தால், மணிக்கட்டு பத்து நிமிடத்தில் தன் கருத்தைச் சொல்லிவிடும்.

திரையில் மங்கா படிப்பவர்கள் கேட்கும் ஒரு கேள்விக்கும் இங்கேயே பதில்: சாம்பல் நிறப் பகுதிகளில் அலையலையாகக் கோலம் தெரிகிறதே, அது என்ன? அது ஓவியத்தில் இருப்பதல்ல. மங்காவில் சாம்பல் நிறம் என்பது ஸ்க்ரீன்டோன், அதாவது நெருக்கமான கறுப்புப் புள்ளிகள் அச்சிட்ட ஒட்டுத்தாளை வெட்டி ஒட்டுவது. அந்தப் புள்ளிகளின் இடைவெளியும் திரைப் புள்ளிகளின் இடைவெளியும் பொருந்தாதபோது, படத்தைச் சுருக்கிக் காட்டும் மென்பொருள் சில புள்ளிகளை விழுங்கி, சிலவற்றைத் தடிப்பாக்குகிறது. அந்த ஏற்றத்தாழ்வுதான் அலையாகத் தெரிகிறது. படத்தை அதன் முழு அளவில், நூறு சதவீதத்தில் வைத்துப் பார்த்தால் மறையும், ஆனால் பக்கம் முழுதாகத் திரையில் அடங்காது. காகிதத்தில் இந்தப் பிரச்சினையே கிடையாது. ஓட்டோமோபோல நுணுக்கமாக வரைபவர்களைக் காகிதத்தில் படிக்கச் சொல்வதற்கு இது ஒரு நல்ல காரணம்.

வண்ணத்தில் வேண்டும் என்பவர்களுக்கு: மார்வெலின் எபிக் பிரிவு 1988 முதல் 1995 வரை 38 இதழ்களாக வண்ணப் பதிப்பை வெளியிட்டது. வண்ணம் தீட்டியவர் ஸ்டீவ் ஓலிஃப். கணினியில் காமிக்ஸுக்கு வண்ணம் போடுவதைப் பெரிய அளவில் செய்துகாட்டிய முன்னோடி வேலை அது. இரவுத் தெருவின் விளக்கொளியை அவர் பிடித்த விதம் இன்றைக்கும் கண்ணுக்கு விருந்து. ஆனால் இடிபாட்டுப் பக்கங்களில் வண்ணம் கோட்டோடு போட்டி போடுகிறது. கறுப்பு வெள்ளையில் தனியாகத் தெரிந்த நூறு துண்டுகள் ஒரே பழுப்புத் திட்டாகிவிடுகின்றன. முதலில் படிக்க வேண்டியது கறுப்பு வெள்ளை. வண்ணம் சேகரிப்பவர்களின் ஆசைக்கு.

படத்துக்கு வருவோம். 'மங்காவின் சுருக்கம்' என்று நினைத்துப் பார்த்தால் ஏமாற்றம்தான் கிடைக்கும், கடைசி இருபது நிமிடம் தலையும் புரியாது வாலும் புரியாது. அசைவுக்காகவும் ஒலிக்காகவும் பார்க்க வேண்டிய படம் அது. அந்தக் காலத்து அனிமேக்களில் படத்தை முடித்துவிட்டுக் குரல் பதிவதே வழக்கம். இங்கே குரலை முதலில் பதிந்து, அதற்கேற்ப வாயசைவை வரைந்தார்கள். ஆகவே ஜப்பானியக் குரலில்தான் உதடு ஒட்டும். ஆங்கில டப்பிங் இரண்டு உண்டு. 2001-ல் வந்தது மொழிபெயர்ப்பில் தெளிவானது, ஆனாலும் உதடு வழுக்கிக்கொண்டேதான் இருக்கும். சப்டைட்டிலோடு ஜப்பானியத்தில் பாருங்கள். நிறங்கள் மொத்தம் 327, அதில் 50 இந்தப் படத்துக்கென்றே கலக்கப்பட்டவை. படத்தின் பெரும்பகுதி இரவு என்பதால், நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவில் அத்தனை படிகள் தேவைப்பட்டன.

2020-ல் வந்த 4கே பதிப்பு 35 மி.மீ. பிலிமிலிருந்து எடுத்தது. வட்டை வாங்கிப் போட்டும் படம் ஏதோ தொலைக்காட்சித் தொடர்போல வழவழவென்று ஓடுகிறதா? குற்றம் வட்டின்மேல் இல்லை, உங்கள் டிவியில். பிலிம் நொடிக்கு 24 சட்டம். கையால் வரைந்த ஓவியம் பல இடங்களில் இரண்டு சட்டத்துக்கு ஒன்றாக நிற்கும், வேகம் வேண்டிய இடத்தில் ஒவ்வொரு சட்டத்துக்கும் மாறும். அந்த மாற்றத்தை அனிமேட்டர் வேண்டுமென்றே வைத்திருக்கிறார். டிவியின் மோஷன் ஸ்மூத்திங், இரண்டு ஓவியங்களுக்கு நடுவே தானாக ஒன்றை உருவாக்கி நுழைத்து இந்தத் தாளத்தைக் கெடுத்துவிடும். பைக்கின் பின்விளக்கு சிவப்புக் கோடாக நீளும் காட்சியில் கோட்டின் விளிம்பு கிழிந்து தெரிந்தால் அது இதன் வேலை. டிவி கம்பெனிக்குக் கம்பெனி அதன் பெயர் மாறும், பட அமைப்பு மெனுவில் தேடி அணைக்க வேண்டும். ஃபிலிம்மேக்கர் மோட் என்று இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தாலே போதும், ஸ்மூத்திங், கூர்மை கூட்டல், புள்ளி நீக்கல் எல்லாம் ஒன்றாக அடங்கும். புள்ளி நீக்கலை விட்டுவைத்தால் பிலிம் துகளோடு சேர்ந்து மெல்லிய கோடுகளும் போய்விடும்.

இசை கெய்னோ யமாஷிரோகுமி குழு. பாலியின் ஜெகோக் என்ற மூங்கில் வாத்தியமும் ஜப்பானிய நோ நாடகப் பாடல்முறையும் கலந்தது. கனேடாவுக்கான தீம் இசையில் வரும் 'ரஸ்ஸேரா' கூவல் ஜப்பானின் அவோமோரி நகரத்து நெபுத்தா திருவிழாவிலிருந்து வந்தது. பெரிய மூங்கில் குழாய்களின் அடிநாதம் டிவிக்குள் இருக்கும் சின்ன ஸ்பீக்கரில் கேட்கவே கேட்காது, மேலே தட்டும் ஓசை மட்டும்தான் வரும். தனி ஸ்பீக்கர் இல்லையென்றால் காதை மூடும் ஹெட்போன் போட்டுப் பாருங்கள். இரவில் சத்தத்தைச் சமன்படுத்தும் 'நைட் மோட்' இருந்தால் அணைத்துவிடுங்கள். வெடிப்புக்கு முன்னால் வரும் முழு அமைதி இந்தப் படத்துக்கு முக்கியம்.

எது முதலில்? இரண்டுமே தெரியாதவர்கள் படத்திலிருந்து தொடங்கலாம். அதில் தெரியவரும் கதை மங்காவைப் பெரிதாகக் கெடுக்காது. படிக்க ஆரம்பித்தால் முதல் மூன்று தொகுதிகளை இடைவெளி விடாமல் முடியுங்கள், மூன்றாவதுக்குப் பிறகு வேண்டுமானால் ஒரு வாரம் ஆறப்போடலாம். நான்காவதைத் தொடங்கும் முன் மூன்றாவதின் கடைசி முப்பது பக்கத்தை மறுபடி ஒருமுறை புரட்டிவிடுங்கள், யார் எங்கே நின்றார்கள் என்பது அப்போதுதான் நினைவிருக்கும். வன்முறையும் போதைமருந்தும் தாராளமாக உண்டு, சிறுவர்களுக்கு வேண்டாம்.

மொத்தப் பெட்டியையும் ஒரே மூச்சில் வாங்கத் தயக்கமா? கோடான்ஷாவின் பழைய மெல்லட்டைப் பதிப்பைத் தனித்தனித் தொகுதியாக வாங்கலாம். அது திருப்பிப்போட்ட, இடமிருந்து வலம் படிக்கும் பதிப்பு என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். அதில் மூன்று, பெட்டியில் மூன்று என்று கலந்து படித்தால் பாதிக் கதையில் எல்லாருடைய கையும் மாறிவிடும்.